ரீஃப் தொட்டிக்கு ஓவர்ஃப்ளோ, பம்ப், பைப் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ரீஃப் தொட்டி, அதாவது பவளமும் மீனும் வளர்க்கும் கடல் தொட்டி வைக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது விளக்கைப் பற்றியும் மீனைப் பற்றியும்தான். பைப்பைப் பற்றிய கேள்வி, தொட்டியை ஸ்டாண்டில் ஏற்றிய பிறகுதான் வருகிறது. அதற்குள் துளை போடும் வாய்ப்பும் போயிருக்கும், சம்பின் (மேல் தொட்டிக்குக் கீழே பம்புடன் வைக்கும் துணைத் தொட்டி) அளவும் முடிவாகியிருக்கும். கடையில் தொட்டிக்கு ஆர்டர் சொல்லிவிடுவதற்கு முன்பே இதைப் படித்துவிடுங்கள்.

எல்லாக் கணக்குக்கும் ஒரே தொட்டியை எடுத்துக்கொள்கிறேன்: 120 செ.மீ நீளம், 60 அகலம், 60 உயரம். கடைக்காரர்கள் நாலுக்கு இரண்டுக்கு இரண்டு என்பார்கள். கீழே 90 செ.மீ நீளம், 45 அகலத்தில் சம்ப். இடம் சென்னையில் ஒரு அபார்ட்மெண்ட். என் வீட்டில் இப்போது ஓடிக்கொண்டிருப்பதும் இதே அளவுதான். இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மேல் தொட்டியில் ஒரு செ.மீ தண்ணீர் என்றால் 7.2 லிட்டர், சம்பில் ஒரு செ.மீ என்றால் ஏறக்குறைய 4 லிட்டர். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இந்த இரண்டு எண்களே பதில் சொல்லிவிடும்.

ஓவர்ஃப்ளோ எதற்கு? பம்ப் வைத்து இறைத்துக் கீழே விட்டால் போதாதா?

போதாது. மேலே ஏற்றும் பம்பும் கீழே இறக்கும் பம்பும் ஒரே அளவு தண்ணீரை ஒருநாளும் தள்ளாது. ஒரு மணி நேரத்துக்கு பத்து லிட்டர் வித்தியாசம் வந்தாலே காலைக்குள் ஏதோ ஒரு பக்கம் நிரம்பி வழியும். ஓவர்ஃப்ளோ என்பது மேல் தொட்டியில் தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்து விழும் பெட்டி, அங்கிருந்து பைப் வழியாக சம்புக்கு இறங்கும். அதில் அந்தத் தகராறு இல்லை. பம்ப் எவ்வளவு ஏற்றுகிறதோ அவ்வளவும் விளிம்பைத் தாண்டித் தானாக இறங்கும். கூடவே, தண்ணீரின் மேல்பரப்பில் படியும் எண்ணெய்ப் படலத்தையும் வழித்துக்கொண்டு போகும். அந்தப் படலம் போனால்தான் ஆக்சிஜன் நன்றாக இறங்கும், விளக்கு வெளிச்சமும் பவளத்துக்கு முழுசாகப் போய்ச் சேரும்.

விளிம்பு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

ஒரு அங்குல விளிம்புக்கு மணிக்கு சுமார் 250 லிட்டர் என்பது பொழுதுபோக்காளர்களிடையே பழகிய கணக்கு. மணிக்கு 2,000 லிட்டர் ஓடப் போகிறதென்றால் எட்டு அங்குலம், அதாவது 20 செ.மீ வேண்டும். அப்போது விளிம்பின் மேல் ஓடும் தண்ணீர் ஒன்றேகால் செ.மீ கனத்தில் இருக்கும். அதையே 40 செ.மீ ஆக்கினால் கனம் முக்கால் செ.மீ சொச்சத்துக்கு இறங்கும். தண்ணீர் மெல்லியதாக ஓடினால் மேல்பரப்பு இன்னும் சுத்தமாக வழிக்கப்படும். அதனால் இடம் இருந்தால் நீளமாகவே வையுங்கள்.

சீப்பு மாதிரிப் பல் வைத்த விளிம்பில், பற்கள் அடைத்த நீளத்தைக் கழித்துவிட்டு இடைவெளியை மட்டும் கூட்ட வேண்டும். ஆனாலும் பல் அவசியம். பல் இல்லாத விளிம்பில் முதல் வாரமே ஒரு கோமாளி மீன் உள்ளே போய்ச் சுற்றிக்கொண்டிருக்கும்.

என் தொட்டியில் துளை இல்லை. விளிம்பில் மாட்டும் ஓவர்ஃப்ளோ வைக்கலாமா?

நான் வைக்க மாட்டேன். அது சைஃபன் குழாயை, அதாவது தண்ணீர் நிறைந்திருக்கும்வரை விளிம்பைத் தாண்டித் தானாகக் கீழே இழுக்கும் வளைந்த குழாயை நம்பி ஓடுவது. குழாயின் மேல் வளைவில் காற்றுக் குமிழி மெல்ல மெல்லச் சேரும். ஒருநாள் சைஃபன் அறுந்துபோகும். கரண்ட் போய்த் திரும்பும்போது மறுபடி பிடிக்காமலும் போகலாம். பம்புக்கு இதெல்லாம் தெரியாது, அது பாட்டுக்குத் தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும்.

பின்பக்கக் கண்ணாடியில் துளை போடச் சொல்லுங்கள். வைரத்தூள் பூசிய ஹோல் சா பிட், மெதுவான வேகம், இடைவிடாமல் தண்ணீர், இவ்வளவுதான் அந்த வேலை. துளையின் ஓரத்துக்கும் கண்ணாடியின் ஓரத்துக்கும் நடுவே குறைந்தது துளையின் விட்டம் அளவுக்காவது இடம் விடுங்கள். டஃபன்ட் (சூடாக்கிக் கடினமாக்கிய) கண்ணாடியில் மட்டும் கை வைக்கக் கூடாது. பிட் பட்டதும் பலகை முழுவதும் பொடியாகிவிடும். ரெடிமேட் தொட்டிகளில் அடிக் கண்ணாடி டஃபன்டாக இருப்பது சகஜம், கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே துளையைப் பற்றிப் பேசுங்கள்.

இறங்கும் பைப் ஒன்று போதுமா, இரண்டா, மூன்றா?

ஒற்றைப் பைப் முறைக்கு டர்சோ என்று பெயர். நின்ற பைப்பின் தலையில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை. தண்ணீரும் காற்றும் கலந்து இறங்குவதால் ஓரளவு சத்தம் இருக்கும். ஓர் அங்குலப் பைப்பில் மணிக்கு 1,300 லிட்டருக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். எல்லாவற்றையும் விட, அது அடைத்தால் வேறு வழியே இல்லை.

இரண்டு பைப் முறை ஹெர்பி. முதல் பைப் முழுக்கத் தண்ணீரால் நிறைந்து சைஃபனாக ஓடும், காற்றே கிடையாது. காற்று இல்லாததால் சத்தமும் இல்லை. அதே ஓர் அங்குலப் பைப் இப்போது 3,000 லிட்டரை அலட்டிக்கொள்ளாமல் இறக்கும். அந்த வேகத்தைக் கட்டுப்படுத்தக் கீழே ஒரு கேட் வால்வு இருக்கும். இரண்டாவது பைப்பின் வாய் சில செ.மீ உயரத்தில் சும்மா நிற்கும். முதல் பைப் அடைத்தால் தண்ணீர் ஏறி இதில் இறங்கிவிடும். இந்த இரண்டாவதில் எந்த வால்வும் போடக் கூடாது. சைஃபன் பைப்பின் கீழ்முனை சம்ப் தண்ணீருக்குள் 2 அல்லது 3 செ.மீ மட்டும் மூழ்கியிருக்கட்டும். ஆழமாக இறக்கினால் கரண்ட் திரும்பி வரும்போது பைப்பில் இருக்கும் காற்று வெளியேற முடியாமல் சைஃபன் பிடிக்கத் தாமதமாகும்.

மூன்று பைப் முறை பீன் அனிமல். ஒன்று சைஃபன், ஒன்று கொஞ்சமாக வழியும் திறந்த பைப், ஒன்று அவசரத்துக்கு. சைஃபன் இறக்கியது போக மிஞ்சும் கொஞ்சத் தண்ணீரைத் திறந்த பைப் எடுத்துக்கொள்ளும். சைஃபன் அடைத்துத் தண்ணீர் ஏறினால், திறந்த பைப்பின் காற்றுக் குழாய் வாய் மூழ்கி அதுவும் சைஃபனாக மாறிவிடும். வால்வை அடிக்கடி திருத்த வேண்டியதே இல்லை.

புதிதாகத் துளை போடுகிறீர்கள் என்றால் மூன்றாகப் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே இரண்டு துளை உள்ள தொட்டியென்றால், இரண்டையும் ஹெர்பிக்குக் கொடுத்துவிட்டு ரிட்டர்ன் பைப்பை (பம்பிலிருந்து தண்ணீர் மேலேறும் பைப்) தொட்டியின் விளிம்புக்கு மேலாக வளைத்துக் கொண்டுவாருங்கள். "ஒன்று இறங்க, ஒன்று ஏற" என்று கடையில் சொல்லித்தருவதைக் கேட்க வேண்டாம்.

பம்ப் எவ்வளவு பெரியது வாங்க?

சம்ப் வழியாக ஒரு மணி நேரத்தில் தொட்டியின் கொள்ளளவைப் போல ஐந்து மடங்கு தண்ணீர் ஓடினால் தாராளம். நம் தொட்டி காகிதத்தில் 432 லிட்டர். கல், மணல், மேலே விடும் இடம் எல்லாம் போனால் 400-க்குக் கீழே. ஆக மணிக்கு 2,000 லிட்டர். பவளத்துக்குத் தேவையான வேகமான நீரோட்டத்தை, தொட்டிக்குள்ளேயே தண்ணீரைச் சுழற்றும் வேவ்மேக்கர் கொடுக்கட்டும். அந்த வேலையையும் ரிட்டர்ன் பம்பின் தலையில் கட்டினால் சத்தம், குமிழி, கரண்ட் பில் மூன்றும் ஏறும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பிவிடாதீர்கள். "4,000 லிட்டர், 4 மீட்டர்" என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. உயரம் பூஜ்யமாக இருந்தால் 4,000 லிட்டர். 4 மீட்டர் உயரத்தில் ஒரு சொட்டும் வராது. நடுவில் என்ன கிடைக்கும் என்பதைப் பம்புடன் வரும் வரைபடம் காட்டும். வரைபடம் இல்லையென்றால் நேர்கோடாக வைத்துக் கணக்குப் போடலாம், பாதி உயரத்தில் பாதி ஓட்டம்.

நம் தொட்டிக்கு சம்ப் தண்ணீர்மட்டத்திலிருந்து மேல் தொட்டியின் தண்ணீர்மட்டம் வரை சுமார் 1.4 மீட்டர். எல்போக்கள் (வளைவுத் துண்டுகள்), யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு), வால்வு உரசலுக்கு இன்னொரு அரை மீட்டருக்கு மேல் சேர்த்தால் 2 மீட்டர். அந்த 4,000 லிட்டர் பம்ப் இங்கே 2,000 லிட்டர் தரும். "2,000 லிட்டர்தானே வேண்டும்" என்று 2,000 என்று எழுதிய பம்பை வாங்கினவர்கள், விளிம்பில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள்.

நிஜ ஓட்டத்தை அளக்க பத்து லிட்டர் வாளி போதும். இறங்கும் பைப்பை வாளிக்குள் விட்டு நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 18 வினாடி என்றால் மணிக்கு 2,000 லிட்டர்.

ஏசி பம்பா, டிசி பம்பா?

காசு இருந்தால் டிசி. வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், சத்தம் குறைவு, 24 வோல்ட் என்பதால் உப்புத் தண்ணீருக்குள் 230 வோல்ட் போகவில்லை என்ற நிம்மதியும் உண்டு. ஏசி பம்ப் விலை குறைவு, நம்பி ஓட்டலாம். எதை வாங்கினாலும் வாட் எண்ணைப் பாருங்கள். தண்ணீருக்குள் ஓடும் பம்ப் எடுக்கும் மின்சாரம் கடைசியில் தண்ணீருக்குள்ளேயேதான் சூடாக இறங்குகிறது. சென்னை மே மாதத்தில் அந்தச் சூடு உங்களுக்கு வேண்டாம்.

கரண்ட் போனால் தண்ணீர் எல்லாம் கீழே வந்துவிடுமா?

கணக்குப் போடாவிட்டால் வரும். ஒரு தொட்டிக்கு இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பம்ப் நின்றதும் ரிட்டர்ன் பைப் தலைகீழாக வேலை செய்ய ஆரம்பிக்கும். எந்த வாய் வழியாகத் தண்ணீர் தொட்டிக்குள் விழுந்ததோ, அதே வாய் வழியாக சைஃபனாகக் கீழே இறங்கும். வாய்க்குள் காற்று நுழையும்வரை நிற்காது. ஆகவே வாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு தண்ணீர் சம்புக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாய் 3 செ.மீ ஆழத்தில் இருந்தால் 3 × 7.2, அதாவது 21.6 லிட்டர். ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் பைப்பிலும் இருப்பது சேர்த்தால் 26 லிட்டர் போல. சம்பில் அது ஆறரை செ.மீ ஏறும். சம்பில் அந்த இடம் காலியாக இருந்தால் ஒரு சொட்டும் தரையில் விழாது. வாயை 15 செ.மீ ஆழத்தில் வைத்தால்? 108 லிட்டர். நம் சம்ப் தாங்காது.

என் முதல் தொட்டி மூன்றடி. ரிட்டர்ன் வாய் 12 செ.மீ ஆழத்தில் இருந்தது. அதை நான் அறியாமல் செய்யவில்லை. தண்ணீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பைப்பில் ஒரு சின்னத் துளை போட்டிருந்தேன். கரண்ட் போனால் தண்ணீர்மட்டம் துளைக்குக் கீழே இறங்கியதும் காற்று நுழைந்து சைஃபன் அறுந்துவிடும் என்பது திட்டம். ஆறு மாதம் அப்படியே நடந்தது. ஏழாவது மாதம் ஒரு ராத்திரி கரண்ட் போனது. விடியும்போது கால் நனைந்ததில்தான் எழுந்தேன். ஏறக்குறைய 30 லிட்டர் உப்புத் தண்ணீர் கூடத்தில் நின்றது, கீழ்வீட்டு அக்காவின் படுக்கையறைச் சீலிங்கில் வட்டமாக ஈரம் பரவியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். துளை இருந்த இடத்தில் ஒரு நத்தை, மிளகு அளவு, சரியாக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி தடித்துப் போயிருந்தது.

அன்றிலிருந்து என் வழி இதுதான்: வாய் தண்ணீர்மட்டத்துக்கு 2 முதல் 3 செ.மீக்குள்தான் இருக்கும். துளையும் போடுவேன், ஆனால் துளை வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டுதான் சம்பின் காலி இடத்தைக் கணக்கிடுவேன்.

தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் செக் வால்வு போட்டால் இந்தத் தலைவலி இல்லையே?

போடலாம், நம்பக் கூடாது. உள்ளே இருக்கும் மூடியில் ஒரு மணல் துகளோ, சுண்ணாம்புப் பாசியோ, குழல் புழுவோ ஒட்டினால் போதும், மூடாது. கசிவு மெதுவாக இருந்தாலும் கரண்ட் நாலு மணி நேரம் வராவிட்டால் எல்லாம் ஒன்றுதான். ஓட்டத்தையும் அது குறைக்கும்.

கரண்ட் இருக்கும்போதே இறங்கும் பைப் அடைத்தால்?

இது இரண்டாவது கணக்கு, பலர் போடாமல் விடுவது. பம்ப் தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது, கீழே எதுவும் வரவில்லை. சம்பில் பம்ப் இருக்கும் ரிட்டர்ன் அறை காலியாகும்வரை தள்ளும். ஆக ரிட்டர்ன் அறையின் தண்ணீர் முழுவதும் மேலே ஏறினாலும் தொட்டி வழியக் கூடாது.

ரிட்டர்ன் அறை 30 × 45 செ.மீ, தண்ணீர் 20 செ.மீ உயரம் என்றால் 27 லிட்டர். தொட்டியின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே 3 செ.மீதான் இருக்கிறதென்றால் 21.6 லிட்டர்தான் பிடிக்கும். மீதி ஐந்தரை லிட்டர் தரைக்கு. அறையை 22 செ.மீ அகலமாகக் குறைத்தால் 20 லிட்டருக்குள் வந்துவிடும். இந்த ஒரு கண்ணாடித் தடுப்பை எங்கே ஒட்டுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஆவியாகும் தண்ணீருக்கு ஈடு நிரப்பும் தானியங்கி வைத்திருந்தால், அதன் கேனில் இருக்கும் தண்ணீரையும் இந்தக் கணக்கில் சேருங்கள். மிதவை சிக்கிக்கொண்டால் கேன் முழுவதும் உள்ளே போகும்.

எந்தப் பைப் வாங்குவது? ஹார்டுவேர் கடையில் கிடைப்பது போதுமா?

யுபிவிசி போதும். ஆனால் கடையில் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. "ஒரு இன்ச்" என்று கேட்டால் மூன்று விதம் வரும். மில்லிமீட்டர் கணக்குப் பைப்பின் வெளிவிட்டம் 32 மி.மீ. இன்ச் கணக்கு யுபிவிசியின் வெளிவிட்டம் 33.4 மி.மீ. வெந்நீருக்குப் போடும் சிபிவிசி 28.6 மி.மீ. 32 மி.மீ பைப் இன்ச் கணக்கு எல்போவுக்குள் லொடலொடவென்று நுழையும். சொல்யூஷன் தடவினால் பிடித்த மாதிரிதான் தெரியும், நாலு மாதத்தில் கசியும். பைப், எல்போ, டீ, டேங்க் நிப்பிள் (கண்ணாடித் துளையில் மாட்டும் இணைப்பு), யூனியன் எல்லாவற்றையும் ஒரே கடையில், ஒரே வகையில் வாங்குங்கள். ஒரு துண்டுப் பைப்பைக் கையோடு எடுத்துப் போய் ஒவ்வொரு பொருளிலும் நுழைத்துப் பாருங்கள். ஒட்டாமலே பாதிவரை போய் இறுகி நிற்க வேண்டும்.

இதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று. கேட் வால்வு கேட்டால் கடைக்காரர் பித்தளையைத்தான் எடுத்து வைப்பார். வேண்டாம். பித்தளையில் செம்பு இருக்கிறது. உப்புத் தண்ணீர் அதை அரிக்கும். கரையும் செம்பு பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். பிளாஸ்டிக் கேட் வால்வு கிடைக்கும்வரை தேடுங்கள், கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் பால் வால்வு வைத்துக்கொள்ளுங்கள். நுணுக்கமாகத் திருத்துவது கஷ்டம், ஆனால் விஷம் இல்லை. தண்ணீர் படும் இடத்தில் இரும்பு கிளாம்பும் வேண்டாம்.

ஒட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் ஒட்டாமல் எல்லாவற்றையும் பொருத்திப் பாருங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் மார்க்கரால் கோடு போடுங்கள், எல்போ எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. சொல்யூஷன் தடவிய பிறகு யோசிக்க நேரம் இருக்காது. ஹாக்ஸா பிளேடால் அறுத்த முனையில் பிசிறை வழித்துவிடுங்கள். டேங்க் நிப்பிளின் ரப்பர் வாஷர் தலைப் பக்கம்தான் வர வேண்டும், நட்டுப் பக்கம் அல்ல. கையால் இறுக்கி அதற்குமேல் கால் சுற்று, அவ்வளவே. ஸ்பானர் போட்டு முறுக்கிக் கண்ணாடியை விரிசல் விட்டவர்கள் உண்டு.

பம்புக்குப் பக்கத்தில் கட்டாயம் ஒரு யூனியன் வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை பம்பைக் கழற்றிச் சுண்ணாம்பு எடுக்க வேண்டியிருக்கும். யூனியன் இல்லாவிட்டால் பைப்பை அறுத்துத்தான் எடுக்க முடியும். எல்போ குறைவாக இருக்கட்டும்; இடம் இருந்தால் ஒரு 90-க்குப் பதில் இரண்டு 45 போடுங்கள்.

தொட்டி முழுக்கப் பொடிக் குமிழி வருகிறதே?

சம்பில் குமிழி மேலேறிப் போக நேரம் கிடைக்கவில்லை. இறங்கும் அறைக்கும் ரிட்டர்ன் அறைக்கும் நடுவே மூன்று கண்ணாடித் தடுப்புகள் வேண்டும்: மேலாக, கீழாக, மறுபடி மேலாக, இரண்டரை செ.மீ இடைவெளியில். அதுவும் இருந்து குமிழி வந்தால் ஓட்டத்தைக் குறையுங்கள். அப்புறம் பம்புக்கு முன்னால் இருக்கும் இணைப்புகளையும் பாருங்கள். உறிஞ்சும் பக்கம் தளர்ந்திருந்தால் தண்ணீர் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும்.

இன்வெர்ட்டரில் எதைப் போடுவது?

ரிட்டர்ன் பம்பை அல்ல, ஒரு வேவ்மேக்கரை. கரண்ட் இல்லாதபோது மீனுக்கு முதலில் தீர்ந்துபோவது ஆக்சிஜன்தான், மேல்பரப்பு அசைந்துகொண்டிருந்தால் போதும். 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரியில் பாதியைப் பயன்படுத்தினாலும் 20 வாட் வேவ்மேக்கர் ஒரு நாளைத் தாண்டி ஓடும். புயல் சமயத்தில் இதன் அருமை தெரியும். ஏசி மோட்டார் என்றால் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். ஸ்கொயர் வேவில் மோட்டார் உறுமும், சூடாகும்.

மின் இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் கடல் தொட்டியே வைக்காதீர்கள். ஒவ்வொரு வயரும் சாக்கெட்டுக்குப் போகும் முன் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும், வயரில் வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியை எங்கே இணைப்பது?

தனியாக ஒரு சின்ன பம்ப் வைத்து சம்பிலிருந்து எடுத்து சம்புக்கே விடுங்கள். ரிட்டர்ன் பைப்பில் தொடராகப் போட்டால் ஓட்டம் குறையும். சில்லர் ஸ்டாண்டுக்குள் இருக்கக் கூடாது. அது வெளியே தள்ளும் சூட்டையே மறுபடி இழுத்துக்கொள்ளும்.

இவ்வளவும் செய்து, நம் ஊரில் பவளம் வைக்கலாமா?

கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அது. கடல் விசிறிகளும் கடல் குதிரையும் அப்படித்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து வந்த "உயிர்க் கல்" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்து ஏற்கெனவே அந்தக் கடலைச் சிதைத்திருக்கிறோம். செயற்கைக் கல், மீன்கள், சட்டம் அனுமதிக்கும் உயிர்கள் என்று வைத்தாலும் மேலே சொன்ன பைப் வேலை ஒன்றும் மாறாது.

உப்பு போடும் முன் என்ன சோதனை செய்ய வேண்டும்?

ஒட்டிய பிறகு ஒரு நாள் காய விடுங்கள். சாதாரணத் தண்ணீரை நிரப்பி 48 மணி நேரம் ஓட்டுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே டிஷ்யூ பேப்பர் வையுங்கள், விரலுக்குத் தெரியாத ஈரம் பேப்பரில் தெரியும்.

பிறகு சுவிட்சை அணையுங்கள். தண்ணீர் எல்லாம் இறங்கி நின்றதும், சம்பின் விளிம்புக்கு 3 செ.மீ கீழே வரும்வரை தண்ணீரைச் சேருங்கள் அல்லது எடுங்கள். இப்போது பம்பைப் போடுங்கள். ஓட்டம் நிதானத்துக்கு வந்ததும் சம்பில் தண்ணீர் எங்கே நிற்கிறதோ, அங்கே பெர்மனண்ட் மார்க்கரால் ஒரு கோடு. இனி ஒருநாளும் அந்தக் கோட்டைத் தாண்டித் தண்ணீர் ஊற்றக் கூடாது. வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லிவையுங்கள், நீங்கள் ஊரில் இல்லாதபோது தண்ணீர் ஊற்றப் போவது அவர்கள்தான்.

அடுத்து, சைஃபன் பைப்பின் வாயைக் கையால் பொத்திப் பிடித்து அவசரப் பைப் தனியாகத் தாங்குகிறதா என்று பத்து நிமிடம் பாருங்கள். அதையும் பொத்திவிட்டு, ரிட்டர்ன் அறை காலியாகும்வரை தொட்டி வழியவில்லை என்பதைக் கண்ணால் பாருங்கள். பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கியதும் அணைத்துவிடுங்கள். கடைசியாக ஐந்து முறை சுவிட்சை அணைத்துப் போடுங்கள். ஐந்து முறையும் சைஃபன் தானாகப் பிடித்து இரண்டு மூன்று நிமிடத்தில் சத்தம் அடங்க வேண்டும். அடங்கிய நிலையில் கேட் வால்வின் பிடி எங்கே நிற்கிறதோ அதற்கும் ஒரு கோடு போட்டுவிட்டு, உப்பை எடுத்து வாருங்கள்.